விஎம்களை நிறுத்தும்போது ஜாப் க்யூ அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? (லிப்விர்ட், கேவிஎம்)

கேவிஎம் ஹோஸ்ட் ஒன்றை, அதாவது லினக்ஸின் கேவிஎம் வசதியால் மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் சர்வர் ஒன்றைப் பராமரிப்புக்காக ரீபூட் செய்ய வேண்டும், அதில் முப்பது நாற்பது விஎம்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்டில் ஒரு லூப் போட்டு, விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருளின் கட்டளைக் கருவியான விர்ஷ் மூலம் எல்லாவற்றுக்கும் ஷட்டவுன் அனுப்புகிறீர்கள். பாதி விஎம்கள் ஒழுங்காக அணைந்துவிடும். சில அசையவே அசையாது. இரண்டு மூன்றில் “கேனாட் அக்வயர் ஸ்டேட் சேஞ்ச் லாக்” என்று பிழை வரும், அதற்குப் பிறகு விர்ஷ் எந்தப் பதிலும் தராமல் அப்படியே நிற்கும்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிப்பது. இல்லாவிட்டால் கான்ஃபிக் கோப்பைத் திறந்து கண்ணில் படும் வரம்பையெல்லாம் பத்து மடங்கு ஏற்றிவிடுவது. இரண்டுமே நிலைமையை மோசமாக்கும். க்யூ அடைபடுவதற்குக் காரணம் அனேகமாக நீங்கள் அனுப்பிய ஷட்டவுன் கட்டளைகள் இல்லை, அவற்றுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காத வேறொரு ஜாப் (ஒரு விஎம்மில் லிப்விர்ட் செய்யும் வேலை). அது எது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. வரம்புகளைத் திருத்துவதெல்லாம் அடுத்த முறைக்கான ஏற்பாடு.

முதலில் எந்தக் க்யூ என்று பாருங்கள்

லிப்விர்ட்டில் ஒரு ஷட்டவுன் கட்டளை விஎம்மைப் போய்ச் சேருவதற்குள் மூன்று இடங்களில் நிற்க வேண்டிவரலாம். உங்கள் இணைப்பு ஒன்றிலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை போகலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. டீமனுக்குள் (பின்னணியில் ஓடும் லிப்விர்ட் சேவை) கோரிக்கைகளை எடுத்துச் செய்யும் வொர்க்கர் த்ரெட்கள் எத்தனை என்பது இரண்டாவது. மூன்றாவது ஒவ்வொரு விஎம்முக்கும் தனியாக இருக்கும் ஜாப் பூட்டு. ஒரு விஎம்மின் நிலையை மாற்றும் வேலை ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடக்க முடியும், மற்றவை காத்திருக்கத்தான் வேண்டும்.

எதில் மாட்டியிருக்கிறோம் என்பதை அறிகுறியை வைத்தே சொல்லிவிடலாம். கட்டளை அடித்து சுமார் 30 விநாடி அமைதியாக இருந்துவிட்டு, டைம்டு அவுட் என்ற சொல்லோடு ஸ்டேட் சேஞ்ச் லாக் பிழை வந்தால், அது அந்த விஎம்மின் ஜாப் பூட்டு. லிப்விர்ட் அந்தப் பூட்டுக்காக 30 விநாடிதான் காத்திருக்கும், அப்புறம் கைவிட்டுவிடும். அதே பிழை காத்திருக்காமல் உடனே வந்து, வரியின் கடைசியில் மேக்ஸ் க்யூட் என்ற பெயர் தெரிந்தால், அந்த விஎம்முக்கு நீங்களோ உங்களுக்கு முன்னால் இருந்தவரோ வைத்த வரிசை வரம்பு நிரம்பிவிட்டது என்று பொருள். பிழையே வராமல் விர்ஷ் தொங்கிக்கொண்டே இருக்கிறது, எந்த விஎம் பெயரைக் கொடுத்தாலும் அப்படித்தான் என்றால், டீமனின் வொர்க்கர்கள் எல்லாமே ஏதோ ஒன்றில் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நேரம் வீணாகிறது. விஎம்மின் ஜாப் பூட்டில் பிரச்சினை இருக்கும்போது வொர்க்கர் எண்ணிக்கையை ஏற்றினால், காத்திருக்கும் த்ரெட்கள்தான் கூடும். பூட்டு ஒரு இம்மிகூட நகராது.

பூட்டை யார் வைத்திருக்கிறார்கள்?

டைம்டு அவுட் பிழையை அவசரத்தில் முழுதாகப் படிக்காமல் விட்டுவிடுகிறோம். அதன் அடைப்புக்குறிக்குள் “ஹெல்டு பை மானிட்டர்” என்று போட்டு, அதை ஒட்டி ரிமோட் டிஸ்பாட்ச் என்று தொடங்கும் நீளமான ஒரு பெயர் இருக்கும். பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது எந்த ஏபிஐ அழைப்பு (ஒரு நிரல் லிப்விர்ட்டிடம் வைத்த கோரிக்கை) என்று லிப்விர்ட்டே சொல்கிற இடம் அது. அதில் பிளாக் ஸ்டேட்ஸ், மெமரி ஸ்டேட்ஸ், கெட் ஆல் டொமைன் ஸ்டேட்ஸ் மாதிரி ஏதாவது வந்தால், பிடித்திருப்பது உங்கள் மானிட்டரிங். சேவ் (மெமரியைச் சேமிப்பது), மைக்ரேட் (விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது), டம்ப் (மெமரி நகல் எடுப்பது) என்று வந்தால் யாரோ தொடங்கிய நீண்ட வேலை ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நீண்ட வேலையாக இருந்தால் விர்ஷ் டாம்ஜாப்இன்ஃபோ கட்டளையை அடித்துப் பாருங்கள், அது எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று சொல்லும். மைக்ரேஷனோ சேவோ நடக்கும்போது அந்த விஎம்மில் விவரம் கேட்கலாம், வேலையை ரத்து செய்யலாம், விஎம்மையே டெஸ்ட்ராய் செய்யலாம் (வலுக்கட்டாயமாக நிறுத்தலாம்), ஆனால் சாதாரண ஷட்டவுன் போன்ற மாற்றும் வேலைகள் உள்ளே நுழைய முடியாது. ஒன்று அது முடியும் வரை பொறுங்கள், இல்லாவிட்டால் விர்ஷ் டாம்ஜாப்அபார்ட் கொடுத்து ரத்து செய்துவிட்டு ஷட்டவுன் அனுப்புங்கள். மைக்ரேஷன் 90 சதவீதம் முடிந்திருந்தால் பொறுப்பதே நல்லது, விஎம் பத்திரமாக அடுத்த ஹோஸ்டுக்குப் போய்விடும், அணைக்கவே தேவையிருக்காது.

மானிட்டரிங் அழைப்பு பிடித்திருந்தால் கதை வேறு. விவரம் கேட்பது கண் இமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய வேலை. அது மாட்டுகிறது என்றால், ஹோஸ்டில் அந்த விஎம்மை ஓட்டும் புராசஸான க்யூஈஎம்யூ பதில் சொல்லவில்லை. க்யூஈஎம்யூ பதில் சொல்லாமல் போவதற்கு நடைமுறையில் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டோரேஜைத்தான், அதிலும் குறிப்பாக என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைத் தரும் முறை). டிஸ்க் கோப்பு இருக்கும் என்எஃப்எஸ் சர்வர் எட்டாமல் போனால், ஹார்டு மவுன்ட் (சர்வர் திரும்பும் வரை விடாமல் காத்திருக்கும் முறை) செய்திருக்கும் இடத்தில் க்யூஈஎம்யூ கெர்னலுக்குள் போய் அப்படியே உறைந்துவிடும். ஹோஸ்டில் பிஎஸ் கட்டளை கொடுத்து அந்த க்யூஈஎம்யூ புராசஸின் நிலையைப் பாருங்கள். டி என்ற எழுத்து இருந்து, சில முறை பார்த்தும் மாறவில்லை என்றால் இனி லிப்விர்ட்டில் நேரம் செலவழிக்காதீர்கள். ஸ்டோரேஜைச் சரி செய்யுங்கள். அந்த நிலையில் இருக்கும் புராசஸ், உடனே கொல்லும் சிக்னலான சிக்கில்லுக்கும் அசையாது. டெஸ்ட்ராய் கொடுத்தாலும், சிக்கில் அனுப்பியும் புராசஸ் முடியவில்லை, டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி என்றுதான் திரும்ப வரும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். விஎம்முக்குள் கெஸ்ட் ஏஜென்ட் (ஹோஸ்டின் கட்டளைகளை உள்ளிருந்து நிறைவேற்றும் சிறு நிரல்) ஓடி, லிப்விர்ட்டோடு இணைந்திருந்தால், மோட் எதுவும் குறிப்பிடாத ஷட்டவுன் முதலில் ஏஜென்ட் வழியாகத்தான் முயலும், அது முடியாவிட்டால்தான் ஏசிபிஐ பவர் பட்டனுக்குப் போகும். ராத்திரி ஓடும் பேக்அப் மென்பொருள் அதே ஏஜென்டை வைத்து விஎம்மின் ஃபைல் சிஸ்டத்தை ஃப்ரீஸ் செய்துவிட்டு, நடுவில் செத்துப்போய், தா செய்யாமல் (ஃப்ரீஸை விலக்காமல்) விட்டிருக்கலாம். ஃப்ரீஸ் ஆன நிலையில் ஏஜென்ட் ஷட்டவுன் கட்டளையை ஏற்காது. ஏசிபிஐ சிக்னல் போனாலும் உள்ளே டிஸ்கில் எழுத முடியாததால் விஎம் பாதியில் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் விஎம் தொங்கிவிட்டது என்றுதான் தோன்றும். விர்ஷ் டாம்எஃப்எஸ்தா ஒரு முறை கொடுத்துவிட்டு மறுபடி ஷட்டவுன் அனுப்பிப் பாருங்கள். இதைச் செய்து பார்க்காமலே டேட்டாபேஸ் விஎம்முக்கு டெஸ்ட்ராய் கொடுப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

மேக்ஸ் க்யூட்: எதற்கு, எவ்வளவு

க்யூஈஎம்யூ டாட் கான்ஃப் கோப்பில் மேக்ஸ் க்யூட் என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு விஎம்முக்கு அதிகபட்சம் எத்தனை ஜாப்கள் வரிசையில் நிற்கலாம் என்பதை அது தீர்மானிக்கும். இயல்பான மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வந்து நிற்கலாம்.

வரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? டீமனின் வொர்க்கர் த்ரெட்கள் இயல்பாக அதிகபட்சம் 20. ஒவ்வொரு விஎம்முக்கும் தனி இணைப்பு திறந்து 10 விநாடிக்கு ஒருமுறை விவரம் கேட்கும் மானிட்டரிங் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. ஒரு விஎம் உறைந்துவிட்டால், அதன் பூட்டுக்காக ஒவ்வொரு அழைப்பும் 30 விநாடி காத்திருக்கும். அதற்குள் அடுத்த இரண்டு அழைப்புகளும் வந்து சேர்ந்துகொள்ளும். ஆக, உறைந்த ஒரு விஎம் எந்த நேரமும் மூன்று வொர்க்கர்களைப் பிடித்து வைத்திருக்கும், பூட்டை வைத்துக்கொண்டு திரும்பாமலே நிற்கும் முதல் அழைப்பையும் சேர்த்தால் நான்கு. ஒரே என்எஃப்எஸ் சர்வரை நம்பியிருக்கும் ஐந்து விஎம்கள் ஒன்றாக உறைந்தால் 20 வொர்க்கர்களும் காலி. அந்த ஹோஸ்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மற்ற 35 விஎம்களையும் இப்போது உங்களால் ஷட்டவுன் செய்ய முடியாது. அவற்றில் ஒரு கோளாறும் இல்லை, அவற்றின் ஜாப் பூட்டும் திறந்தே இருக்கிறது, ஆனால் உங்கள் கோரிக்கையை எடுத்துக்கொண்டு போக டீமனில் ஆள் இல்லை.

மேக்ஸ் க்யூட்டுக்கு ஒரு மதிப்பு வைப்பது இதைத் தடுக்கத்தான். உறைந்த விஎம்மைத் தேடிவரும் கோரிக்கைகள் வரம்புக்கு மேல் போனதும் உடனே பிழையோடு திருப்பி அனுப்பப்படும், வொர்க்கர் விடுபட்டு அடுத்த வேலைக்குப் போகும். இந்த எண்ணிக்கையில், இப்போது பூட்டை வைத்திருக்கும் ஜாப்பும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே 1 என்று வைத்தால் காத்திருக்க இடமே கிடையாது, ஒரு சாதாரண விவரக் கேள்வி ஓடும் அரை நொடியில் உங்கள் ஷட்டவுன் வந்தாலும் திருப்பி அனுப்பப்படும். என் தேர்வு 3 அல்லது 4; மேலே சொன்ன கணக்கில் 4 வைத்தாலும் 20 வொர்க்கர்களும் தீர்ந்துவிடும் என்பதால் அங்கே 3. மானிட்டரிங் ஒன்று, பேக்அப் ஒன்று, மேலாண்மை ஒன்று என்று எத்தனை கருவிகள் ஒரே விஎம்மைத் தொடுகின்றனவோ அத்தனையும், கைமுறையாக நீங்கள் அடிக்கும் கட்டளைக்கு ஒன்றும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 50, 100 என்று வைப்பதும் 0 வைப்பதும் ஒன்றுதான், அதற்குள் வொர்க்கர்கள் தீர்ந்துபோயிருக்கும்.

மாற்றிய பிறகு டீமனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய முறையில் அது லிப்விர்ட்டி. ஃபெடோரா 35, ஆர்ஹெச்இஎல் 9 முதல் விர்ட்க்யூஈஎம்யூடி என்று தனி டீமனாகப் பிரித்துவிட்டார்கள், அங்கே அதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டீமனை ரீஸ்டார்ட் செய்தால் விஎம்கள் அணைந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அணையாது. க்யூஈஎம்யூ புராசஸ்கள் தனியாக ஓடுகின்றன, டீமன் மறுபடி எழுந்து அவற்றோடு இணைந்துகொள்ளும்.

வரம்பு வைத்தபின் ஸ்கிரிப்டையும் மாற்றியாக வேண்டும். வரிசை நிரம்பியது என்ற பிழைக்கும் டைம்டு அவுட் பிழைக்கும் ஒரே மாதிரி மறுமுயற்சி செய்வது தப்பு. முதலாவது பிழை உடனே வருவதால், லூப்பில் தாமதம் வைக்காமல் மறுபடி மறுபடி அனுப்பினால் ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் போய் டீமனைத் திணறடிக்கும். 2 விநாடி, 4, 8, 16 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போங்கள், கூடவே சிறிது தற்செயல் தாமதம் சேருங்கள், அப்போதுதான் நாற்பது விஎம்களுக்கான மறுமுயற்சிகள் ஒரே நொடியில் வந்து மோதாது. நான்கைந்து முறைக்கு மேல் வேண்டாம், பெயரைத் தனிப் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்த விஎம்முக்குப் போய்விடுங்கள். டைம்டு அவுட் வந்தால் மறுமுயற்சியே வேண்டாம். பூட்டை வைத்திருப்பவர் பெயரை லாகில் எழுதி, மனிதர் பார்க்கட்டும் என்று விடுங்கள்.

இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்: ஷட்டவுன் தொடங்கும் முன் மானிட்டரிங்கை நிறுத்திவிடுங்கள். அந்த ஹோஸ்டில் ஓடும் எக்ஸ்போர்ட்டர், கலெக்ட்டி, பேக்அப் டைமர் எல்லாவற்றையும்தான் சொல்கிறேன். பராமரிப்பு நேரத்தில் அந்த வரைபடங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. நிறுத்தவே முடியாது என்றால், விவரம் சேகரிக்கும் கருவியில் நோவெயிட் என்ற வசதி இருக்கிறதா பாருங்கள். விர்ஷ் டாம்ஸ்டேட்ஸ் கட்டளையிலும் அது உண்டு. அதைக் கொடுத்தால், பூட்டு உடனே கிடைக்காத விஎம்முக்குக் கிடைத்த விவரத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடும், வரிசையில் நிற்காது. மானிட்டரிங் கருவி எதுவானாலும் எப்போதும் இப்படித்தான் ஓட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டீமனின் வொர்க்கர்கள்

வொர்க்கர்களின் நிலையை விர்ட்-அட்மின் என்ற கருவி காட்டும். அதில் சர்வர்-த்ரெட்பூல்-இன்ஃபோ என்ற கட்டளையில் சில எண்கள் வரும், நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: ஃப்ரீ வொர்க்கர்ஸ், ஜாப் க்யூ டெப்த். ஃப்ரீ வொர்க்கர்ஸ் 0 ஆகி, வொர்க்கர் எண்ணிக்கை அதிகபட்சத்தைத் தொட்டு, க்யூ டெப்த் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால் அடைப்பு உறுதி. க்யூ டெப்த் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அது வெறும் நெரிசல், தானாகக் கரையும். இந்தக் கருவி தனி சாக்கெட் வழியாகப் பேசுவதால் விர்ஷ் தொங்கும் நேரத்திலும் இதை முயலலாம்.

அடைப்பு உறுதியானால் அதே கருவியின் சர்வர்-த்ரெட்பூல்-செட் கட்டளையால் அதிகபட்ச வொர்க்கர் எண்ணிக்கையை உடனே ஏற்றலாம், ரீஸ்டார்ட் தேவையில்லை. 20-ஐ 40 ஆக்கினால், நல்ல நிலையில் இருக்கும் 35 விஎம்களுக்கு ஷட்டவுன் அனுப்ப இடம் கிடைக்கும். ஆனால் இது மூச்சுவிட வாங்கும் அவகாசம்தான். மானிட்டரிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் புதிய இருபதும் கொஞ்ச நேரத்தில் மாட்டிக்கொள்ளும். இந்த மாற்றம் டீமன் ரீஸ்டார்ட்டோடு போய்விடும், நிலையாக வேண்டுமென்றால் டீமனின் கான்ஃபிக் கோப்பில் எழுத வேண்டும்.

ஒரு இணைப்பிலிருந்து ஒரே நேரத்தில் செயல்படும் கோரிக்கைகளுக்கு மேக்ஸ் கிளையன்ட் ரிக்வெஸ்ட்ஸ் என்ற வரம்பு இருக்கிறது, இயல்பாக 5. விர்ஷ் ஒவ்வொரு முறையும் புது இணைப்பு திறப்பதால் சாதாரண ஷெல் ஸ்கிரிப்டில் இது தெரியவே தெரியாது. பைத்தானில் ஒரே இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பல த்ரெட்களில் ஷட்டவுன் அனுப்பும்போதுதான் முட்டும். டீமன் லாகில், கிளையன்ட் வரம்பைத் தொட்டுவிட்டது, கீப்அலைவ் டைம்அவுட் வரலாம் என்ற எச்சரிக்கை இருந்தால் இதுதான். வொர்க்கர் எண்ணிக்கையையும் ஏற்றியிருந்தால் அதை 10 ஆக்கலாம், தப்பில்லை. ஆனால் மொத்த வொர்க்கர்களில் அது ஒரு சிறு பங்காகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே நிரல் எல்லாரையும் எடுத்துக்கொள்ளும்.

டெஸ்ட்ராய்க்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்கும்

எல்லா வொர்க்கர்களும் மாட்டிக்கொண்டால் உறைந்த விஎம்மைக் கொல்லக்கூட முடியாமல் போகுமே என்று லிப்விர்ட்டை எழுதியவர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். ப்ரயோ வொர்க்கர்ஸ் என்று தனியாக 5 த்ரெட்கள் இருக்கின்றன. அவசர நோயாளிக்கு ஓபி வரிசையைத் தாண்டித் தனி வாசல் வைத்திருப்பது மாதிரி. டெஸ்ட்ராயும், க்யூஈஎம்யூவிடம் பேசாமலே டீமன் பதில் சொல்லக்கூடிய சில அழைப்புகளும் மட்டும் அதில் போகலாம். சாதாரண ஷட்டவுன் போகாது. ஷட்டவுன் தொங்குகிறது, டெஸ்ட்ராய் மட்டும் போகிறது என்ற விநோதம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும்.

டெஸ்ட்ராய் உள்ளே செய்வதும் மற்ற ஜாப்களைப் போல இல்லை. அது விஎம்மின் பூட்டுக்காகக் காத்திருந்துவிட்டுக் கொல்வதில்லை. முதலில் க்யூஈஎம்யூ புராசஸைக் கொல்லும், பூட்டுக்காக நின்றுகொண்டிருப்பவர்களை எழுப்பிவிடும், அதற்குப் பிறகுதான் பூட்டை எடுத்து நெட்வொர்க், சிகுரூப் (வள ஒதுக்கீடு) எல்லாவற்றையும் சுத்தம் செய்யும். இதில்தான் மேக்ஸ் க்யூட் ஒரு காலத்தில் சிக்கல் தந்தது: புராசஸ் செத்துவிடும், ஆனால் வரிசை நிரம்பியிருப்பதால் சுத்தம் செய்யும் ஜாப்புக்கு இடம் கிடைக்காது. இப்போதைய லிப்விர்ட்டில் டெஸ்ட்ராய் வகை ஜாப்புக்கு அந்த வரம்பு பொருந்தாது. பழைய பதிப்பில் வரம்பு வைத்திருக்கிறீர்கள், செத்துப்போன விஎம் ஓடுவதாகவே பட்டியலில் காட்டுகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். மானிட்டரிங்கை நிறுத்தி, டீமனை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எழுந்து வரும்போது புராசஸ் இல்லாததைப் பார்த்து நிலையைத் திருத்திக்கொள்ளும்.

டெஸ்ட்ராய் கொடுத்தால் டிஸ்க் அழியாது. ஆனால் கரண்ட் பிளக்கைப் பிடுங்குவதும் அதுவும் ஒன்றுதான், விஎம்முக்குள் மெமரியில் இருந்து இன்னும் டிஸ்குக்கு வராத தரவு போய்விடும். அதனால் முதலில் கிரேஸ்ஃபுல் என்ற வசதியோடு கொடுங்கள். அப்போது சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்னல்) மட்டும் அனுப்பும், க்யூஈஎம்யூ தன் பக்கத்தில் இருக்கும் டிஸ்க் தரவை எழுதி முடித்துவிட்டு வெளியேற வாய்ப்பு கிடைக்கும். குறித்த நேரத்தில் முடியாவிட்டால் சிக்கில்லுக்குப் போகாமல் பிழையைத் திருப்பித் தரும், மேலே என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. அந்த வசதி இல்லாமல் கொடுத்தால் சில விநாடிகள் பார்த்துவிட்டுத் தானாகவே சிக்கில் அனுப்பிவிடும்.

ஒரு டெஸ்ட்ராய் முடிய சில விநாடிகள் ஆகலாம், தனி வாசலிலும் 5 பேர்தான் இருக்கிறார்கள். பொது வொர்க்கர்கள் மாட்டியிருக்கும் நேரத்தில் இருபது டெஸ்ட்ராயை ஒன்றாக அனுப்பினால் அந்த வாசலும் அடைத்துக்கொள்ளும். நாலு நாலாக அனுப்புங்கள், ஒரு இடம் எப்போதும் உங்களுக்குக் காலியாக இருக்கட்டும்.

ஹோஸ்டையே அணைக்கும்போது

இதுவரை சொன்னது கையால் நிறுத்துவது பற்றி. ஹோஸ்டை ரீபூட் செய்யும்போது லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற சர்வீஸ் விஎம்களைக் கவனித்துக்கொள்ளும். அதற்கும் சொந்தமாக ஒரு வரிசை வரம்பு இருக்கிறது, பலர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. டெபியன், உபுண்டுவில் ஈடிசி டீஃபால்ட் அடைவிலும், ஆர்ஹெச்இஎல் குடும்பத்தில் ஈடிசி சிஸ்கான்ஃபிக் அடைவிலும் அதே பெயரில் அதன் கோப்பைத் தேடுங்கள், புதிய பதிப்புகளில் அது இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம்.

அதில் ஆன் ஷட்டவுன், பேரலல் ஷட்டவுன், ஷட்டவுன் டைம்அவுட் மூன்றும் முக்கியம். மூல லிப்விர்ட்டில் இயல்பு மதிப்புகள் முறையே சஸ்பெண்ட், 0, 300 விநாடி. டிஸ்ட்ரோக்கள் தங்கள் விருப்பப்படி மாற்றியிருப்பார்கள், ஆகவே உங்கள் கோப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சஸ்பெண்ட் என்றால் விஎம் அணையாது, அதன் மெமரி முழுவதும் டிஸ்கில் எழுதப்படும். 64 ஜிபி மெமரி வைத்த விஎம்கள் நிறைய இருந்தால் அதற்கு எவ்வளவு நேரமும் இடமும் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான சர்வர்களுக்கு ஷட்டவுன் என்று மாற்றுவதுதான் சரி.

பேரலல் ஷட்டவுன் 0 என்றால் விஎம்களை ஒவ்வொன்றாக நிறுத்தும். அப்போது 300 விநாடி என்பது ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனி. நாற்பது விஎம்களும் பிடிவாதம் பிடித்தால் 12,000 விநாடி, அதாவது 3 மணி 20 நிமிடம். யுபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டு அணைகிற ஹோஸ்டுக்கு இது கட்டுப்படியாகாது. சரி, அதை 10 ஆக்கினால்? ஒரே நேரத்தில் பத்து விஎம்கள் அணையும், ஒன்று முடிந்தால் அடுத்தது உள்ளே வரும். ஆனால் இப்போது அந்த 300 விநாடி எல்லா விஎம்களுக்கும் சேர்த்து ஒரே கெடு. இந்த வித்தியாசம் ஆவணத்திலேயே விளக்கமாக எழுதியிருந்தும் கண்ணில் படாமல் போகிறது. முதல் பத்தில் ஆறு விஎம்கள் விண்டோஸ் அப்டேட்டைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன என்றால், மீதி முப்பதும் நாலு இடங்கள் வழியாகத்தான் போக வேண்டும். கெடு முடியும்போது வரிசையில் கடைசியாக இருக்கும் விஎம்களுக்கு ஷட்டவுன் சிக்னலே போயிருக்காது. அவை ஒரு தகவலும் இல்லாமல் கொல்லப்படும்.

ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். உங்கள் விஎம்களில் மிக மெதுவானது அணைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒரு முறை அளந்துவையுங்கள். அதை, மொத்த விஎம்களைப் பேரலல் எண்ணால் வகுத்துக் கிடைக்கும் சுற்றுகளால் பெருக்குங்கள். நாற்பது விஎம், பத்து பத்தாக, மெதுவானது 90 விநாடி என்றால் 4 சுற்று, 360 விநாடி. இயல்பான 300 போதாது, 480 வைத்தால் கொஞ்சம் இடைவெளி இருக்கும். ஸ்டோரேஜ் எஸ்எஸ்டியாக இருந்தால் பேரலலை 20 ஆக்கத் தயங்க வேண்டாம். சுழலும் டிஸ்க்காக இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் எழுத வந்து ஒவ்வொன்றும் மெதுவாகும், 5 போதும். யுபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதுதான் கடைசி எல்லை, கணக்கு அதற்குள் அடங்காவிட்டால் முக்கியமில்லாத விஎம்களை முன்பே நிறுத்தத் தனி ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள்.

அணையும் வரிசைக்கும் தனி ஸ்கிரிப்ட்தான் வழி. எந்த விஎம்முக்கு எது தேவை என்று லிப்விர்ட்-கெஸ்ட்ஸுக்குத் தெரியாது. முதலில் ஆப் சர்வர்கள், அவை அணைந்தது உறுதியானபின் டேட்டாபேஸ், கடைசியில் டிஎன்எஸ்ஸும் என்எஃப்எஸ் தரும் விஎம்மும் என்று நீங்கள் போக வேண்டும். என்எஃப்எஸ் விஎம் முதலில் அணைந்துவிட்டால், அதை நம்பியிருந்தவை எல்லாம் மேலே சொன்ன டி நிலைக்குப் போய், பூட்டும் வொர்க்கர்களும் ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கும்.

ஸ்கிரிப்டில் விஎம் அணைந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு, ஒவ்வொரு விநாடியும் ஒவ்வொரு விஎம்மின் விவரத்தையும் தனித்தனியாகக் கேட்டு வரிசையை நீங்களே நிரப்பாதீர்கள். விர்ஷ் ஷட்டவுன் சிக்னலை அனுப்பியதும் திரும்பிவிடும், அணையும் வரை காத்திருக்காது. விர்ஷ் ஈவென்ட் கட்டளையில் லைஃப்சைக்கிள் நிகழ்வுகளைக் கேட்டு வைத்தால், அணைந்த நொடியில் டீமனே சொல்லும், எந்த ஜாப் பூட்டும் தேவையில்லை. அது வேண்டாம் என்றால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை, ஓடும் விஎம்களின் பட்டியலை ஒரே அழைப்பில் எடுங்கள்.

லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் கோப்பைத் திருத்திவிட்டு, பழக்க தோஷத்தில் அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். அதற்கு ரீஸ்டார்ட் என்றால் முதலில் ஸ்டாப், ஸ்டாப் என்றால் எல்லா விஎம்களையும் நிறுத்து என்று பொருள். பகல் பதினோரு மணிக்கு நாற்பது விஎம்களும் அணையத் தொடங்கும். ரீஸ்டார்ட் தேவையும் இல்லை, நிறுத்தும் நேரத்தில் அது கோப்பைப் புதிதாகப் படித்துக்கொள்ளும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம்களை நிர்வகிக்கும் இன்னொரு தளம்) வைத்திருப்பவர்களுக்கு: அங்கே லிப்விர்ட் கிடையாது, இந்தக் கோப்புகளும் இல்லை. டேட்டாசென்டரின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் மொத்தமாக நிறுத்தும்போது எத்தனை வொர்க்கர்கள் என்று ஒரு வரி இருக்கும், ஒவ்வொரு விஎம்மின் ஸ்டார்ட், ஷட்டவுன் ஆர்டரில் தனித்தனி டைம்அவுட் இருக்கும், இயல்பாக 180 விநாடி. அணையும் வரிசையை அங்கேயே எண் கொடுத்து வைக்கலாம், சின்ன எண் கொடுத்த விஎம் முதலில் எழும், கடைசியில் அணையும். ஷட்டவுன் டாஸ்க் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப் கொடுத்து, லாக் கிடைக்கவில்லை என்று வந்தால், முதலில் அந்த டாஸ்க்கை டாஸ்க் பட்டியலில் நிறுத்திவிட்டு ஸ்டாப் கொடுங்கள்.

லிப்விர்ட் ஹோஸ்டில் இவ்வளவையும் அமைத்தபின் ஒரு சனிக்கிழமை இரவு, முக்கியமில்லாத ஹோஸ்ட் ஒன்றில் ஒத்திகை பாருங்கள். சோதனை விஎம் ஒன்றின் க்யூஈஎம்யூ புராசஸுக்கு சிக்ஸ்டாப் அனுப்பினால் அது உறைந்த விஎம் மாதிரியே நடிக்கும். அப்படி ஐந்தாறை உறையவைத்து, மானிட்டரிங்கை ஓடவிட்டு, த்ரெட்பூல் எண்களைப் பார்த்துக்கொண்டே மற்ற விஎம்களுக்கு ஷட்டவுன் அனுப்புங்கள். மேக்ஸ் க்யூட் 0 இருக்கும்போது ஒரு முறை, 3 இருக்கும்போது ஒரு முறை. முடிந்ததும் உறைந்தவற்றுக்கு சிக்கான்ட் அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும்.